நண்டு கொண்டுவராத சிலுவை

நண்டே, புயலே, இரண்டு பேரும் கொஞ்சம் காது கொடுங்கள். உங்கள் பெயர்களை எழுதமாட்டேன், பயப்பட வேண்டாம். ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இனி உங்களைப் பிரம்போடு துரத்த யாரும் உயிரோடு இல்லை. அன்று நீங்கள் எந்த வேடம் போட்டீர்களோ அந்த வேடத்தின் பெயரால்தான் கூப்பிடப் போகிறேன். உங்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன கிழமை நமது கோயில் விழாச் சபைத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணீரை முழுவதும் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், இந்த முறை திருநாளுக்கு மலர் ஒண்டு அடிக்கிறம். சவேரியாற்ற புதுமையை நீங்கள்தான் எழுதித் தரவேணும். உங்கட வீட்டிலை நடந்ததுதானே."

"எந்தப் புதுமை?" என்றேன், தெரியாதவள் போல.

"என்ன டீச்சர் இப்பிடிக் கேக்கிறீங்கள்? நண்டு சிலுவை கொண்டுவந்தது. ரெண்டு பக்கம் காணும். அந்தப் பெட்டை களவெடுத்துக் கடலுக்கை எறிஞ்சதையும் மறக்காமல் போடுங்கோ. பிள்ளையளுக்கு ஒரு படிப்பினையா இருக்கும்."

அந்தப் பெட்டை என் சின்னம்மா. அம்மாவின் ஒரே தங்கை. இப்போது எழுபத்தைந்து வயது, தோட்டவெளியில் வீட்டுத்திட்ட வீடொன்றில் தனியே இருக்கிறார். தலைவர் போன பிறகு அவர் குடித்த கோப்பையை இரண்டு தரம் கழுவினேன். உடைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நமக்குச் சவேரியாரை அறிமுகம் செய்தவர் உபதேசியார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கோயில் விறாந்தையில் இருத்தி ஞானோபதேசம் சொல்லித் தருவாரே, அவர்தான். பாடம் என்னவோ கேள்வி பதில்தான். ஆனால் மனிதருக்குக் கதையில்தான் நாட்டம். இந்தக் கரைப்பக்கத்துக்கு வேதம் கொண்டுவந்த சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூப்பிட்டார் என்று சொல்லும்போது பூசை மணியை எடுத்து அடித்தே காட்டுவார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துப் புனிதரின் வலது கை உளைந்துபோனதையும், பக்கத்தில் நின்றவர்கள் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்ததையும், நம்மில் ஒருவருடைய தோளில் தன் கையைப் போட்டு நடித்துக் காட்டுவார். கை நல்ல பாரம். அந்த இடம் வந்ததும் எல்லோரும் பின்னால் நகர்ந்து உட்காருவோம்.

அழியாத உடலின் கதையும் அப்படித்தான். பாதத்தை முத்தி செய்ய, முத்தமிடக் குனிந்த ஒரு சீமாட்டி, புனிதரின் கால்விரலைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். அதைக் கேட்ட அன்று நீங்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஏனென்றால் வீட்டில் எனக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் வைத்தாகிவிட்டது.

அம்மாவிடம் ஒரு வெள்ளிச் சிலுவை இருந்தது. பெருவிரல் நீளம், உள்ளே கூடு, மெல்லிய தகடு, கறுப்புக் கயிறு. அவருடைய தாய் விட்டுப்போனது. மூத்தவள் என்பதால் அம்மாவிடம் வந்தது. எனக்குப் பல் முளைத்த காலத்தில் அதை எடுத்து வாயில் வைத்து அடிப்பக்கத்தைக் கடித்துவிட்டேனாம். முன்னால் இரண்டு சின்னக் குழி, பின்னால் இரண்டு. என் வாயிலிருந்து அதைப் பிடுங்கியவர் சின்னம்மா. அன்று முதல் அவருக்கு நான் சீமாட்டி.

கடைசிக் கதை நண்டுக் கதை. புயலில் மரக்கலம் தத்தளித்தபோது சவேரியார் தன் சிலுவையைக் கயிற்றில் கட்டிக் கடலில் தோய்த்தார், அது நழுவி விழுந்தது, கடல் அடங்கியது. மறுநாள் கரையில் நடந்தபோது ஒரு நண்டு அதைக் கொடுக்கில் தூக்கிக்கொண்டு வந்தது. அவர் ஆசீர்வதித்தார், அதன் ஓட்டில் சிலுவை அடையாளம் பதிந்தது. இது எங்கோ கிழக்கே ஒரு தீவில் நடந்ததாகப் பிறகு வாசித்தேன். நமக்கு அது நம்முடைய கரைதான். பக்கத்து ஊர்ப் பேசாலைக்காரர் தங்கள் கரை என்றார்கள், அதற்காக ஒரு திருநாளில் கைகலப்புக்கூட வந்தது.

சிலுவை நண்டு வலையில் பட்டால் நம் ஊரில் கறிக்கு எடுப்பதில்லை. வலைக்காரர் கையாலேயே சிக்கெடுத்து, அதன் ஓட்டைத் தொட்டு ஒரு விண்ணப்பம் சொல்லித் திரும்பக் கடலில் விடுவார். வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால் அந்தோனியாரிடம் போவோம். கடலில் விழுந்தால் மட்டும் மனு சவேரியாரின் கந்தோருக்கு. நமக்கு இந்தப் பிரிவு எல்லாம் அத்துப்படி.

நவநாள் தொடங்குவதற்கு முதல் நாள் பின்னேரம். வாடைக்காற்று பிடித்திருந்தது. அப்பாவின் வள்ளத்தைப் பாதி தண்ணீரிலும் பாதி கரையிலுமாக இழுத்து விட்டிருந்தார்கள். நாம் சவேரியார் விளையாடினோம். புயலே, நீ வள்ளத்தின் பின்னால் நின்று அதை ஆட்டினாய். நண்டே, நீ கரையில் குந்தியிருந்து உன் முறை வரும்வரை மண்ணில் கோடு கீறினாய். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் நின்ற சவேரியார் நான். கையில் இருந்தது அம்மாவின் சிலுவை. சின்னம்மா துணி மடிக்கும்போது அலுமாரியில் விட்டிருந்த திறப்பைத் திருப்பி நானேதான் எடுத்துக்கொண்டு வந்தேன். ஈர்க்குச் சிலுவையை வைத்து விளையாடி அலுத்துப் போயிருந்தது.

கயிற்றைப் பிடித்துத் தோய்த்தேன். புயல் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டியது. கயிறு விரலைவிட்டுப் போயிற்று. இடுப்பளவு தண்ணீர்தான், ஆனால் கலங்கிய தண்ணீர், அடியில் பாசி. இருட்டும்வரை மூன்று பேரும் காலால் துழாவினோம். பிறகு வள்ளத்தின் நங்கூரத்தில் கை வைத்து யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தோம். அந்த யோசனை நண்டினுடையது.

நான் அன்று அழவில்லை. எனக்கு ஒரு நிச்சயம் இருந்தது. கதையில் நடந்தது அப்படியே நடந்திருக்கிறது, சிலுவை நழுவியாயிற்று, இனி நண்டு வரவேண்டியதுதான் பாக்கி. ஒன்பது நாள் நவநாள் ஒரு நண்டுக்குத் தாராளம் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த நாள் மாலை, நவநாளுக்காக வீட்டுச் சுரூபத்தின் காலடியில் வைக்க அம்மா சிலுவையைத் தேடினார். இல்லை. அலுமாரித் திறப்பு சின்னம்மாவிடம். போதாததற்கு, அந்த வருடம் சின்னம்மாவுக்குப் பேசாலையில் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். "அம்மாவின்ர ஞாபகமா எனக்கெண்டு ஒண்டும் இல்லையே அக்கா" என்று அவர் எப்போதோ சொன்ன வார்த்தை அம்மாவின் மனதில் கிடந்திருக்கிறது. அன்று அது வெளியே வந்தது.

"கேட்டிருந்தால் தந்திருப்பன். ஏன் களவா எடுத்தனி?" என்றார் அம்மா.

"நான் எடுக்கேல்லை அக்கா. நான் ஏன் எடுக்கிறன்?"

"அப்ப சவேரியாருக்கு முன்னாலை மெழுகுதிரி பிடிச்சுச் சொல்லு."

சின்னம்மா சன்னல் பக்கமாக நின்று மெழுகுதிரி பிடித்தார். வாய் திறந்து மூன்று சொல் சொல்வதற்குள் அணைந்தது. நவநாள் செபத்துக்குக் கூடியிருந்த சனம் மூச்சை உள்ளே இழுத்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சன்னலின் கொளுக்கி போன வருடமே கழன்றுவிட்டது, வாடைக்காற்று நேராக உள்ளே வரும், அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வந்தது. "சன்னல், சன்னல்" என்று சொன்னேன். "சத்தம் போடாதை" என்றார்கள்.

நீங்கள் கேட்கலாம், அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. நண்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றல்லவா இருந்தேன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் கரைக்கு ஓடுவேன். நுரையும் பாசியும் சிப்பி ஓடும் ஒதுங்கிக் கிடக்கும். கருவாட்டுப் பந்தலுக்கு அடியில் கழுதைகள் ஒதுங்கி நிற்கும். சாதாரண நண்டுகள் ஆயிரம் ஓடும். நான் ஒவ்வொன்றின் முதுகையும் குனிந்து பார்த்துக்கொண்டு நடப்பேன்.

ஐந்தாம் நாள் பேசாலையிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையின் மாமன். திண்ணிய மனிதர், கொடுத்த பலகாரத்தைத் தொடவில்லை. களவுப் பேச்சு ஒன்று அடிபடுகிறதே என்றார். சின்னம்மா குசினிக்குள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்; அடுப்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் ஊதினார். அதைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆறாம் நாள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் எடுத்தேன், வள்ளத்தில் சவேரியார் விளையாடினோம், கடலில் விழுந்தது என்று.

அம்மா என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். "பாருங்கோ, சின்னம்மாவிலை எவ்வளவு பட்சம். அவளைக் காப்பாத்தப் பிள்ளை பொய் சொல்லுது."

"பொய் இல்லை அம்மா. அவையளைக் கேளுங்கோ."

கேட்டார்கள். அப்பா உங்கள் இருவருடைய வீட்டுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். புயலே, உன் தகப்பன் மூலையில் இருந்த பிரம்பை எடுத்துக்கொண்டே "கடலிலை விளையாடினனியோடா?" என்று கேட்டார். நீ இல்லை என்றாய். நண்டே, நீ அழுதுகொண்டே இல்லை என்றாய். நங்கூரத்தில் செய்த சத்தியத்தைக் காப்பாற்றியதாக நினைத்தீர்களோ என்னவோ. திரும்பி வரும் வழியெல்லாம் நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அப்பா முன்னால் பார்த்துக்கொண்டே நடந்தார். என் கையை மட்டும் விடவில்லை.

எட்டாம் நாள் அப்பா கயிறு வாங்க வேண்டும் என்று காலை பஸ்ஸில் மன்னார் டவுனுக்குப் போனார். பின்னேரம் வந்தார். கயிறு வாங்கி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒன்பதாம் நாள் விடிந்து வெயில் ஏறும் நேரம் கரையில் கூச்சல் கேட்டது. ஓடினேன். அப்பா முழங்காலளவு தண்ணீரில் நின்றார். கையில் ஒரு சிலுவை நண்டு, உயிரோடு காலை உதைத்துக்கொண்டு. அதன் கொடுக்கில் கறுப்புக் கயிறு, கயிற்றில் வெள்ளிச் சிலுவை. வலை இழுத்தவர்கள் இழுத்த இடத்திலேயே முழந்தாளில் நின்றார்கள். மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு வந்தார்கள். கோயில் மணி அடித்தது. வந்துவிட்டது, நண்டு வந்துவிட்டது, என் கணக்குச் சரி. ஆட்களின் காலுக்குள் புகுந்து முன்னால் போய்ப் பார்த்தேன்.

கயிறு கொடுக்கில் சுற்றி வலை முடிச்சுப் போட்டிருந்தது. நண்டுக்கு வலை முடிச்சுப் போடத் தெரியுமா? அதையும்கூட நான் நம்பியிருப்பேன். ஆனால் சிலுவையின் அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. கடி இல்லை.

"அம்மா, கடி எங்கை?"

அம்மா விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கணம் முகம் மாறியது. பிறகு, "கடல் அரிச்சிருக்கும். இல்லாட்டிப் புனிதர் துடைச்சுவிட்டிருப்பார்" என்று சொல்லி அதை முத்தி செய்து, அங்கேயே கோயிலுக்கு நேர்ந்து கொடுத்துவிட்டார்.

பங்குச் சுவாமியார் அவசரப்பட வேண்டாம் என்றார். உபதேசியாரை யார் பிடித்து நிறுத்துவது? வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த கதை அவர் கண்முன்னே நடந்திருக்கிறது. அன்று வேஸ்பர் மாலைச் செபத்துக்கு முன் ஒலிவாங்கியைப் பிடித்தவர் அரை மணி நேரம் விடவில்லை. சிலுவை கடலிலிருந்து வந்தது என்றால் கடலுக்கு எப்படிப் போனது? அந்தக் கேள்வியை ஊரில் முதலில் கேட்டவர் அவர், பதில் சொன்னவரும் அவர். எடுத்தவள் பொய்ச் சத்தியம் செய்தாள், மெழுகுதிரி அணைந்தது, பயந்துபோய்க் கடலில் எறிந்தாள், புனிதர் திருப்பித் தந்தார். பெயர் சொல்லவில்லை. கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் தூணோரமாகச் சின்னம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டுப் பேசாலைக்காரர் மறுநாள் பூசைக்குக்கூட நிற்காமல் போனார்கள்.

திருநாள் முடிந்த மறுநாள் அப்பாவின் சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பையில் ஏதோ சரசரத்தது. நாலாக மடித்த ரோஸ் நிற மெல்லிய தாள். தட்டார் நகை சுற்றிக் கொடுக்கும் தாள். அதைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் நீட்டினேன்.

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார், கசக்கினார். "நீ சொன்னது உண்மையெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார்.

"அப்ப ஏன் அம்மாட்டைச் சொல்லேல்லை?"

"உன்ர சொல்லையும் என்ர சொல்லையும் ஆர் கேட்டது? சவேரியார் சொன்னால் கேப்பினம் எண்டு நினைச்சன். அவருக்குக் கை உளைஞ்ச நேரம் ஆக்கள் தாங்கிப் பிடிச்சவைதானே. நானும் கொஞ்சம் தாங்கிப் பிடிச்சன், அவ்வளவுதான்."

"இப்ப சொல்லுங்கோ அப்பா. கோயிலிலை போய்ச் சொல்லுங்கோ."

அவர் தாளை அடுப்பில் போட்டுவிட்டு வந்து மறுபடியும் ஊசியை எடுத்தார். "இனி என்னெண்டு சொல்லுறது? சனம் எல்லாம் முழந்தாளிலை நிண்டிட்டுது."

என் பேச்சை நம்பிய ஒரே மனிதர் அவர்தான். நம்பிவிட்டுத்தான் இதைச் செய்தார். நல்லது செய்கிறேன் என்று புறப்பட்டு ஒரு பெண்ணின் தலையில் மண்ணை வாரிப் போட்ட மனிதரை எப்படி வெறுப்பது, எப்படி மன்னிப்பது? இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. சாகும்வரை அவர் சிலுவை நண்டு பட்டால் கையால் தொடமாட்டார். வலையோடு கடலில் உதறிவிடுவார்.

ஊர்ப் பேச்சு அடங்கும்வரை என்று சின்னம்மாவைப் பெரியமடுவில் ஓர் உறவினரின் வயல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் என்றார்கள், பதினொரு வருடம் இருந்தார். கடற்கரைப் பெண் நாற்று நடப் பழகினார். பிறகு சண்டை, தமிழ்நாட்டு அகதி முகாம், திரும்பி வந்து தோட்டவெளி. கலியாணம் நடக்கவில்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிப் பார்த்ததும் சின்னம்மாதான். அம்மா ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்தால் இருவரும் என்னை அதட்டினார்கள்.

ஒவ்வொரு திருநாளுக்கும் சின்னம்மா பஸ் ஏறி நம் கோயிலுக்கு வருவார். பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சிலுவைக்கு முன்னால் வரிசையில் நின்று, கண்ணாடியைத் தொட்டு முத்தி செய்துவிட்டுப் போவார். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் வெளியே போய் நிற்பேன்.

தலைவர் வந்துபோன மறுநாள் தோட்டவெளிக்குப் போனேன். இந்த முறை விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். விளையாட்டு, நங்கூரம், ரோஸ் தாள், அப்பா சொன்னது, எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னேன். சின்னம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"எடி சீமாட்டி, நீ சின்னனிலையும் எனக்காகப் பொய் சொன்னனி. இப்பவும் சொல்லுறாய்" என்று சிரித்தார்.

"பொய் இல்லைச் சின்னம்மா."

"நான் இதை யோசிச்சு முடிச்சிட்டன். அண்டைக்கு அலுமாரியிலை இருந்த துணியளை மூட்டையாக் கட்டித் தோய்க்கக் கொண்டு போனனான். சிலுவை அதுக்கை சிக்குப்பட்டிருக்கும். கரையிலை உதறேக்க விழுந்திருக்கும். தெரியாமல் செய்தாலும் பிழை பிழைதானே. அதுதான் ஒவ்வொரு வருசமும் வந்து கேட்டிட்டுப் போறன்."

"என்ன கேக்கிறனீங்கள்?"

"மன்னிப்புத்தான். வேற என்ன?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. கீரைச் சுளகைப் பிடுங்கி வைத்துவிட்டு, உடுப்பு மாற்றச் சொல்லி, ஓட்டோ பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கோயில் திறப்பு வைத்திருப்பவர் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். சுவாமியாரைக் கேட்காமல் பெட்டியைத் திறக்கமுடியாது என்றார். "திற" என்றேன். திறந்தார்.

சின்னம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவர் தொட்டதெல்லாம் கண்ணாடியைத்தான். சிலுவையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பெருவிரல் தானாகவே அடிப்பக்கத்துக்குப் போனது. தடவினார். திருப்பினார். மறுபக்கமும் தடவினார். பிறகு மேலிருந்து மெதுவாக இன்னொரு முறை வந்தார்.

"அம்மா கடல் அரிச்சிருக்கும் எண்டு சொன்னவ" என்றேன்.

"விசர்க்கதை. உன்ர கொம்மா சாம்பலும் புளியும் போட்டு எட்டு வருசம் தேய்ச்சவ, அது போகேல்லை. ஒன்பது நாளிலை போகுமே?"

திறப்புக்காரர் ஒரு காலில் இருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். வெளியே திருநாள் பந்தலுக்கு யாரோ கம்பு இறக்கும் சத்தம் கேட்டது. சின்னம்மா சிலுவையைப் பெட்டிக்குள் வைக்கவில்லை, என் கையில் தந்தார். முத்தி செய்யவில்லை. சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் என்னத்துக்கடி மன்னிப்புக் கேட்டனான்?"

நண்டே, நீ பேசாலையில்தான் இருக்கிறாய், பஸ்ஸுக்கு அரை மணி நேரம். புயலே, நீ தூரதேசத்தில் இருந்தாலும் ஒரு கடிதத்துக்கு ஒன்றும் தடையில்லை. தலைவர் கேட்ட இரண்டு பக்கத்துக்குப் பதிலாக இதைத்தான் கொடுக்கப் போகிறேன். நான் சொன்னால் மறுபடியும் பட்சத்தில் சொல்கிறாள் என்பார்கள், எனக்கு இந்த ஊரைத் தெரியும். கடைசித் தாளின் அடியில் இரண்டு பேர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.